திகதியில்லாக் கடிதம்: இலங்கையில் ஜனாதிபதியும் பாராளுமன்றமும்

2022 மே 17ஆம் திகதி, இலங்கைப் பாராளுமன்றத்தில் உறுப்பினர் எம்.ஏ. சுமந்திரன் ஒரு கோரிக்கையை முன்வைத்தார். ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ச மீது சபை கொண்டுள்ள அதிருப்தியைப் பதிவு செய்யும் பிரேரணையை அன்றே விவாதிக்க வேண்டும், அதற்காக நிலையியற் கட்டளைகளை இடைநிறுத்த வேண்டும் என்பது அந்தக் கோரிக்கை. சட்டப்படி அதனால் எவர் பதவியும் போயிருக்காது. சபை தன் மனதிலுள்ளதைச் சொல்லியிருக்கும், அவ்வளவே. கோரிக்கைக்கு ஆதரவாக 68 பேர் வாக்களித்தார்கள்; எதிராக 119 பேர். வெளியே மக்கள் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்றார்கள். உள்ளே, அதைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று பெரும்பான்மை முடிவெடுத்தது.

அதன்பின் எட்டு வாரங்கள்கூட முழுதாய்ச் செல்லவில்லை. ஜூலை 9ஆம் திகதி மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். 13ஆம் திகதி அதிகாலை ஜனாதிபதி மாலைதீவுக்குப் பறந்தார். அங்கிருந்து சிங்கப்பூர் சென்று இராஜினாமாக் கடிதம் அனுப்பினார். சபை வாய் திறந்துகூடச் சொல்லாததைத் தெரு செய்து முடித்தது.

ஒரு ஜனாதிபதியைக் கட்டுப்படுத்தும் கடமை முதலில் பாராளுமன்றத்துக்கு உரியது. அது தவறியபோதுதான் மக்கள் மதிலேறினார்கள். ஏன் தவறியது? அதிகாரம் போதாமலா, மனம் இல்லாமலா? 1978 முதல் இன்றுவரை இலங்கையின் இந்த இரண்டு நிறுவனங்களும் ஒன்றையொன்று எப்படிப் பிடித்து வைத்தன, எப்போது கைவிட்டன என்பதைத் திரும்பிப் பார்த்தால் விடை தெளிவாகவே கிடைக்கிறது.

மூன்று வீட்டுச் சாமான்கள்

1972ஆம் ஆண்டின் முதலாவது குடியரசு அரசியலமைப்பில் ஜனாதிபதி என்பது அலங்காரப் பதவி. வில்லியம் கோபல்லாவ அதை வகித்தார். ஆட்சி பிரதமரிடமும் தேசிய அரசுப் பேரவையிடமும் இருந்தது. இந்த முறை ஜே.ஆர். ஜயவர்தனவுக்கு நெடுநாளாகப் பிடிக்கவில்லை. 1966இல் கொழும்பில் ஆற்றிய ஓர் உரையிலேயே அவர் தன் எண்ணத்தைச் சொல்லிவிட்டார்: மக்களால் நேரே தெரிவாகி, குறித்த காலம் நிலைத்திருந்து, சபையின் மனமாற்றங்களுக்கு ஆளாகாத ஒரு நிறைவேற்றுத் தலைமை நாட்டுக்கு வேண்டும் என்றார். 1977 ஜூலைத் தேர்தலில் அவருடைய ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140ஐப் பெற்றது. 1978 பெப்ரவரி 4ஆம் திகதி அவர் ஜனாதிபதியானார். புதிய அரசியலமைப்பு அதே ஆண்டு செப்டெம்பர் 7இல் நடைமுறைக்கு வந்தது.

அந்த அரசியலமைப்பு மூன்று வீட்டுச் சாமான்களை ஒரே வீட்டில் இறக்கியது. ஜனாதிபதிக்கு நிலையான பதவிக்காலம் அமெரிக்காவின் வழி. சபையைக் கலைக்கும் அதிகாரம் பிரான்சின் வழி. அமைச்சர்கள் சபை உறுப்பினர்களாகவே இருப்பது பிரித்தானிய வழி. ஒவ்வொன்றும் தன் சொந்த வீட்டில் ஒரு எதிர்ப்பாரத்தோடு இருந்தது. அமெரிக்க ஜனாதிபதியால் காங்கிரஸைக் கலைக்க முடியாது. காங்கிரஸ் உறுப்பினரை அமைச்சர் பதவி கொடுத்து வசப்படுத்தவும் முடியாது, ஏனெனில் அமைச்சராகிறவர் ஆசனத்தை விட வேண்டும். பிரித்தானியப் பிரதமர் சபையின் நம்பிக்கையை இழந்தால் பதவியும் போய்விடும். இங்கே பாரங்கள் வந்து சேர்ந்தன. எதிர்ப்பாரங்கள் வழியில் நின்றுவிட்டன.

ஒரு விடயத்தில் மட்டும் இலங்கை ஜனாதிபதி பலவீனமானவர். சபை நிறைவேற்றும் சட்டமூலத்தை அவரால் திருப்பி அனுப்ப முடியாது. சபாநாயகர் சான்றுரை எழுதிக் கையொப்பமிட்டதும் அது சட்டமாகிவிடும். அமெரிக்கர்கள் ஜனாதிபதியின் தடுப்பு வாக்கைப் பற்றியும், அதை மூன்றில் இரண்டால் மீறுவதைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இலங்கையில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. சட்டத்தைத் தடுக்க முடியாத ஜனாதிபதி சட்டம் இயற்றுகிறவர்களைத் தன் பிடியில் வைத்துக்கொண்டால் போதும். ஜே.ஆர். செய்ததும் அதுவே.

ஒரு கடிதமும் ஒரு குடமும்

1982 ஒக்டோபர் 20ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலில் ஜே.ஆர். வென்றார். அடுத்த சில நாட்களில் தன் கட்சி உறுப்பினர்களிடம் இராஜினாமாக் கடிதங்களை எழுதி வாங்கினார். அரசியலமைப்பின் 66ஆம் உறுப்புரைப்படி, உறுப்பினர் ஒருவர் பாராளுமன்றச் செயலாளர் நாயகத்துக்குத் தன் கைப்பட எழுதிக் கொடுத்தால் ஆசனம் வெறிதாகிவிடும். ஜே.ஆர். வாங்கிய கடிதங்களில் எல்லாம் இருந்தன. திகதி மட்டும் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பும் பேனா ஜனாதிபதியின் கையில் இருந்தது. மக்கள் தெரிவு செய்த ஒருவர், தன் ஆசனத்தின் முடிவுநாளை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சபையில் உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சபைதான் அடுத்துத் தன் ஆயுளைத் தானே ஆறு ஆண்டுகள் நீட்டிக்கொள்ளும் நான்காம் திருத்தத்தை நிறைவேற்றியது. டிசெம்பர் 22ஆம் திகதி சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. சம்மதத்துக்கு விளக்கு, மறுப்புக்குக் குடம் என்பன சின்னங்கள். நாடு முழுவதிலும் சுமார் 54.7 சதவீதம் விளக்குக்கு விழுந்தது. யாழ்ப்பாண மாவட்டம் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேலான வாக்குகளைக் குடத்துக்குப் போட்டது. 1977இல் தெரிவான சபை 1988 முடியும்வரை இருந்தது. ஜே.ஆர். பதவியில் இருந்த காலத்தில் அரசியலமைப்பு மீண்டும் மீண்டும் திருத்தப்பட்டது. ஒரு தடவைகூடச் சபை மறுக்கவில்லை.

1983 ஓகஸ்டில் வந்த ஆறாம் திருத்தம் தமிழருக்கு மறக்க முடியாதது. பிரிவினைக்கு எதிரான சத்தியத்தைச் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அ. அமிர்தலிங்கத்தின் ஆசனமும் போயிற்று. ஆளும் தரப்பின் குரலைக் கடிதங்கள் அடக்கின. எதிர்த்தரப்பின் பெரும்பகுதியைத் திருத்தம் வெளியேற்றியது. ஜனாதிபதியைக் கேள்வி கேட்க மிகச் சிலரே மிஞ்சினார்கள். ஒரு நாடு போருக்குள் போய்க்கொண்டிருந்த ஆண்டுகளில் அந்த மௌனம் நிலவியது.

பெரிய வாள் உறையிலேயே இருந்தது

பாராளுமன்றத்தின் கையிலும் ஆயுதங்கள் இல்லாமலில்லை. 38ஆம் உறுப்புரை ஜனாதிபதியைப் பதவி நீக்க வழி சொல்கிறது. அந்த வழி நீளமானது. மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் கையொப்பம் வேண்டும். அது இல்லாமல் பாதிப்பேராவது கையொப்பமிட்டால், குற்றச்சாட்டு விசாரணைக்கு உரியது எனச் சபாநாயகர் கருத வேண்டும். பிறகு சபை மூன்றில் இரண்டால் அதை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். இலங்கையில் உயர் நீதிமன்றம் என்பதுதான் நாட்டின் இறுதி நீதிமன்றம். அது விசாரித்துக் குற்றம் உறுதி என்றால், சபை மறுபடி மூன்றில் இரண்டால் நீக்க வேண்டும்.

இந்த வாளை உருவ முயன்றது 1991இல். ஜனாதிபதி ஆர். பிரேமதாசவுக்கு எதிராக அவருடைய சொந்தக் கட்சித் தலைவர்களான லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் எதிர்க்கட்சியோடு சேர்ந்தார்கள். ஓகஸ்ட் இறுதியில், பிரேரணையை ஏற்றுக்கொண்டதாகச் சபாநாயகர் எம்.எச். முகம்மது ஜனாதிபதிக்கு அறிவித்தார். அப்படி ஏற்றுக்கொண்டபின் ஜனாதிபதி சபையைக் கலைக்கக் கூடாது என்று அரசியலமைப்பு தடுத்திருந்தது. ஆனால் அமர்வை ஒத்திவைப்பதை அது தடுக்கவில்லை. பிரேமதாச ஒத்திவைத்தார். கிடைத்த வாரங்களில் உறுப்பினர்கள் மனம் மாற்றப்பட்டார்கள். கையொப்பமிட்டதாகச் சொல்லப்பட்ட பலர் பின்னர் மறுத்தார்கள். ஒக்டோபரில், தகுதியான கையொப்பங்கள் போதவில்லை எனச் சபாநாயகர் பிரேரணையைத் தள்ளினார்.

கிளர்ந்தவர்களைக் கட்சி விலக்கியது. 99ஆம் உறுப்புரையின்படி, கட்சியிலிருந்து விலக்கப்படுகிறவர் ஆசனத்தையும் இழப்பார். விலக்கியது தவறென நீதிமன்றம் கண்டால்தான் தப்பலாம். அவர்கள் தப்பவில்லை. பின்வந்த ஆண்டுகளில் ஜனாதிபதியின் பக்கம் தாவிய பலர், கட்சியின் ஒழுக்காற்று நடவடிக்கையில் இருந்த பிழைகளைக் காட்டி ஆசனத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். எனவே உறுப்பினர்கள் கற்றுக்கொண்ட பாடம் எளிது: ஜனாதிபதியை எதிர்த்துப் போனால் ஆசனம் போகும், அவரிடம் போனால் அமைச்சு கிடைக்கும். 2007இல் இராஜாங்க, பிரதி அமைச்சர்களையும் சேர்த்து நூறுக்கும் மேற்பட்டோர் அரசாங்கப் பதவிகளில் இருந்தார்கள். சபையில் இருந்தோர் 225 பேர். ஏறக்குறையப் பாதிச் சபை ஜனாதிபதியின் நியமனத்தில் வாழ்ந்தபோது, அந்தச் சபை அவரை எதற்காகத் தட்டிக்கேட்கும்?

இரண்டாவது ஆயுதம் அவசரகாலச் சட்டம் தொடர்பானது. ஜனாதிபதி பிரகடனம் செய்யலாம். ஆனால் 14 நாட்களுக்குள் சபை அங்கீகரிக்க வேண்டும். பிறகு மாதந்தோறும் புதுப்பிக்க வேண்டும். எழுத்தில் இதைவிட இறுக்கமான கடிவாளம் அரிது. நடைமுறையில், 1983 முதல் 2011 வரையான காலத்தின் பெரும்பகுதியில் நாடு அவசரகாலத்துக்குள் இருந்தது. மாதந்தோறும் விவாதம் நடக்கும். தமிழ் உறுப்பினர்கள் எழுந்து கைதுகளையும் காணாமற்போனவர்களையும் இடம்பெயர்ந்தவர்களையும் பற்றிப் பேசுவார்கள். மாலையில் வாக்கெடுப்பு நடக்கும். பிரகடனம் இன்னொரு மாதம் நீளும். ஹன்சாட்டின் அந்தப் பக்கங்களை இன்று புரட்டுகிறவர், சபைக்கு எதுவும் தெரியாமலிருந்தது என்று சொல்லவே முடியாது. தெரிந்துகொண்டே கையுயர்த்தினார்கள்.

ஒரே ஓடத்தில் இருவர்

2000 ஒக்டோபர் 10ஆம் திகதித் தேர்தலுக்குப் பின் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவின் பெரும்பான்மை மெலிந்துகொண்டே போனது. அப்போதைய விதிப்படி, தேர்தல் நடந்து ஓராண்டு ஆகும்வரை சபையைத் தன் விருப்பில் அவர் கலைக்க முடியாது. 2001 ஜூலையில் நம்பிக்கையில்லாப் பிரேரணை நெருங்கியபோது அமர்வை இரண்டு மாதம் ஒத்திவைத்தார். ஒக்டோபர் 10ஆம் திகதி, சரியாக ஓராண்டு நிறைந்தபோது, சபையைக் கலைத்தார். காலண்டரே ஆயுதமான கதை இது.

அதையடுத்து நடந்த தேர்தலில் எதிரணி வென்று ரணில் விக்கிரமசிங்க பிரதமரானார். ஜனாதிபதி ஒரு கட்சி, சபை இன்னொரு கட்சி. போர்நிறுத்த உடன்படிக்கையும் சமாதானப் பேச்சும் நடந்த காலம் அது. ஜனாதிபதியின் கலைப்பு அதிகாரத்தைச் சுருக்க அரசாங்கம் 2002இல் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தது. சர்வசன வாக்கெடுப்பு இல்லாமல் அது செல்லாது என உயர் நீதிமன்றம் சொன்னதால் அந்த முயற்சி நின்றது. 2003 நவம்பர் 4ஆம் திகதி, பிரதமர் வோஷிங்டனில் இருக்கும்போது, பாதுகாப்பு, உள்விவகாரம், ஊடகம் ஆகிய மூன்று அமைச்சுகளையும் ஜனாதிபதி தன் கைக்கு எடுத்தார்; அமர்வையும் ஒத்திவைத்தார். 2004 பெப்ரவரியில் சபையைக் கலைத்தார். ஒருவரையொருவர் தடுக்கும் வலு இருவருக்கும் இருந்தது. சேர்ந்து வேலை செய்ய வைக்கும் விதி ஒன்றும் இருக்கவில்லை. அதன் விலையைச் சமாதான முயற்சி கொடுத்தது.

ஐம்பத்தொரு நாட்கள்

2015 ஏப்ரல் 28ஆம் திகதி நிறைவேறிய 19ஆம் திருத்தம் இந்த வரலாற்றில் ஒரு மைல்கல். ஒரே ஒருவர்தான் எதிர்த்து வாக்களித்தார். ஜனாதிபதியின் பதவிக்காலம் ஐந்து ஆண்டுகளாயிற்று. சபையை அதன் முதல் அமர்விலிருந்து நான்கரை ஆண்டு முடியும்வரை கலைக்க முடியாது. முன்னதாகக் கலைக்க வேண்டுமானால் சபையே மூன்றில் இரண்டால் கேட்க வேண்டும். பிரதமரை நினைத்தபடி நீக்கும் வாசகம் எடுக்கப்பட்டது. அமைச்சரவைக்கு 30 பேர் என்ற எல்லை வந்தது.

இந்தத் திருத்தத்தைக் கொண்டுவர முன்நின்ற ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவே அதைச் சோதித்தார். 2018 ஒக்டோபர் 26, வெள்ளிக்கிழமை மாலை, பிரதமர் ரணிலை நீக்கிவிட்டு மகிந்த ராஜபக்சவைப் பிரதமராகச் சத்தியப்பிரமாணம் செய்வித்தார். மறுநாள் அமர்வை ஒத்திவைத்தார். உறுப்பினர்களுக்கு விலை பேசப்படுகிறது என்ற குற்றச்சாட்டுகள் பகிரங்கமாக எழுந்தன. பெரும்பான்மை கிடைக்காது என்று தெரிந்ததும் நவம்பர் 9ஆம் திகதி சபையைக் கலைத்துத் தேர்தலுக்கு நாள் குறித்தார். நவம்பர் 13இல் உயர் நீதிமன்றம் அந்தக் கலைப்பை இடைநிறுத்தியது. மறுநாளே சபை கூடியது.

நவம்பர் 16ஆம் திகதி நடந்ததை நேரலையில் பார்த்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். புதிய பிரதமரின் ஆதரவாளர்கள் சபாநாயகரின் ஆசனத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சபாநாயகர் கரு ஜயசூரிய பொலிஸார் சூழ உள்ளே வந்தார். மிளகாய்த் தூள் கலந்த நீர் வீசப்பட்டது, கதிரைகள் பறந்தன. ஆசனத்தை அடைய முடியாத அவர், பொலிஸார் வளைத்து நின்ற இடத்திலேயே ஒலிவாங்கியைப் பிடித்து, நம்பிக்கையில்லாப் பிரேரணையை வாசித்து, குரல் வாக்கெடுப்பை நடத்தினார். ஆசனம் இல்லாமலும் சபை சபையாக இயங்கிய நாள் அது.

ஜனாதிபதி அந்த வாக்கெடுப்பை ஏற்கவில்லை. அப்போது சபை தன் உண்மையான பலத்தை எடுத்தது. பொதுநிதி முழுவதும் பாராளுமன்றத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது என்கிறது 148ஆம் உறுப்புரை. நவம்பர் 29ஆம் திகதி, பிரதமர் அலுவலகத்தின் செலவை நிறுத்தும் பிரேரணை 123 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்வாக்கே இல்லை, ஏனெனில் மற்றத் தரப்பு சபைக்கு வரவில்லை. புத்தாண்டு பிறந்தால் அரசாங்கம் சம்பளம் கொடுக்கவும் சபையின் அனுமதி தேவைப்பட்டிருக்கும். டிசெம்பர் 3இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மகிந்தவின் அமைச்சரவை இயங்கத் தடை போட்டது. டிசெம்பர் 13இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள்: கலைக்கும் அதிகாரத்தை ஒரு வாசகம் தந்தாலும், அதற்கு இன்னொரு உறுப்புரை போட்ட எல்லைக்குள்தான் அதைப் பயன்படுத்தலாம்; எனவே அந்தக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது. மூன்று நாளில் ரணில் மீண்டும் பிரதமரானார்.

அந்த வழக்கு இரா. சம்பந்தன் பெயரில் அறியப்படுகிறது. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அவர் மனுதாரர்களில் ஒருவர். டிசெம்பர் 12இல் ரணில் மீதான நம்பிக்கையை 117 பேர் தெரிவித்தபோது அந்த எண்ணிக்கை தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் வாக்குகளால்தான் நிறைந்தது. 1983இல் சபையிலிருந்து வெளியேற்றப்பட்ட ஓர் அரசியலின் வாரிசுகள், 35 ஆண்டுகள் கழித்து அதே சபையின் உரிமையைக் காக்க நின்றார்கள். நான் இதைப் பெருமையாகவே எழுதுகிறேன். தம் மக்களுக்குக் கைம்மாறாக எதுவும் உறுதியாகாத நிலையிலும் அவர்கள் அந்தப் பக்கம் நின்றார்கள்.

ஊசலும் அதன் கணக்கும்

2001இல் 17ஆம் திருத்தம் அரசியலமைப்புப் பேரவையை உருவாக்கி, உயர் நியமனங்களை ஜனாதிபதியின் தனிவிருப்பிலிருந்து எடுத்தது. 2010இல் 18ஆம் திருத்தம் அந்தப் பேரவையை ஒழித்து, இரண்டு தவணை என்ற எல்லையையும் அகற்றியது: 161க்கு 17. 2015இல் 19 அதைத் திருப்பியது. 2020 ஒக்டோபரில் 20ஆம் திருத்தம் 19ஐப் பெரும்பாலும் புரட்டியது: 156க்கு 65. 2022 ஒக்டோபரில் 21ஆம் திருத்தம் பேரவையை மீட்டது: 179க்கு 1. கலைப்புக்கான எல்லை மட்டும் இரண்டரை ஆண்டிலேயே நின்றுவிட்டது.

இந்த எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள். 2020இல் ஜனாதிபதியிடம் அதிகாரத்தை அள்ளிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் 2022இலும் அதே சபையில் இருந்தார்கள். கொடுத்ததை அவர்களே திரும்ப எடுத்தார்கள். 2015இலும் 2020இலும் கையுயர்த்தியவர்களும் உண்டு. கொள்கை மாறியதால் இந்த ஊசல் ஆடவில்லை. ஜனாதிபதி பலமாக இருந்தபோது கொடுத்தார்கள், தளர்ந்தபோது எடுத்தார்கள். விகிதாசாரத் தேர்தல் முறையில் ஒரு கட்சிக்கு மூன்றில் இரண்டு கிடைக்காது, ஆகவே அரசியலமைப்பு பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கை ஒருகாலத்தில் இருந்தது. தாவல்கள் அதை முதலில் உடைத்தன. 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களை நேரடியாகவே வென்றபோது, தாவலுக்கும் தேவை இல்லாமற் போயிற்று.

எழுதப்பட வேண்டியவை

ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தலிலும் நிறைவேற்று அதிகார முறையை ஒழிப்போம் என்ற வாக்குறுதி வருகிறது. 1994இல் சந்திரிகா 1995 ஜூலை 15க்கு முன் ஒழிப்பதாகச் சொன்னார். முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஒழிக்க வேண்டும் என்றே நானும் கருதுகிறேன். ஆனால் ஒழித்தாலும் இந்த வியாதி தீராது. நாளை அதே அதிகாரம் ஒரு பிரதமரிடம் போனால், அவரும் அமைச்சுகளைப் பங்கிட்டு, கட்சி விலக்கலைக் காட்டிப் பயமுறுத்தி, சபையை வாயடைக்கச் செய்ய முடியும். ஜனாதிபதி முறை வருவதற்கு முன், 1972க்குப் பிந்திய சபையும் தன் ஆயுளைத் தானே நீட்டிக்கொண்டதுதான்.

நோயின் வேர் உறுப்பினரின் ஆசனத்தில் உள்ளது. அந்த ஆசனத்தை அவருக்குக் கொடுத்தவரும், அவரிடமிருந்து எடுக்கக்கூடியவரும் யார் என்பதே கேள்வி. எனவே திருத்த வேண்டிய இடங்கள் திட்டவட்டமானவை. அமர்வு ஒத்திவைக்கப்பட்டிருக்கும்போது உறுப்பினர்களில் பாதிப்பேர் எழுதிக் கேட்டால் சபாநாயகர் சபையைக் கூட்டியே ஆக வேண்டும் என்ற விதி இருந்தால், 1991உம் 2001உம் 2018உம் வேறு விதமாக நடந்திருக்கும். பதவிநீக்கப் பிரேரணை, அவசரகால அங்கீகாரம் போன்றவற்றில் மனச்சாட்சிப்படி வாக்களித்ததற்காக எவர் ஆசனமும் பறிபோகக் கூடாது என்று 99ஆம் உறுப்புரையில் எழுத வேண்டும். அமைச்சர் எண்ணிக்கைக்கான எல்லையில் தேசிய அரசாங்கம் என்ற பெயரில் விட்டிருக்கும் ஓட்டையை அடைக்க வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய அரசியலமைப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இன்றைய சபையில் ஆளும் தரப்பிடம் இதற்கான எண்ணிக்கை உண்டு. தன் ஜனாதிபதியையே கட்டுப்படுத்தும் விதியைத் தன் கையாலேயே எழுதும் துணிவு அதற்கு இருக்கிறதா என்பதை மக்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்; அந்தக் கட்சிக்கு மூன்று ஆசனங்களைக் கொடுத்த யாழ்ப்பாணத்தவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஜே.ஆரின் மேசையில் இருந்த கடிதங்கள் எப்போதோ மறைந்துவிட்டன. ஆனால் 2022 மே 17ஆம் திகதி கையுயர்த்திய அந்த 119 பேரை நினைக்கும்போது, அவர்கள் ஒவ்வொருவரும் எங்கோ யாரிடமோ அப்படியொரு கடிதத்தைக் கொடுத்துவைத்திருந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கடிதம் எழுதப்படாத சபையை உருவாக்கும்வரை, கடிவாளம் சட்டப் புத்தகத்தில் இருக்கும். குதிரை தன் வழியில் போகும். விழுந்து அடிபடுகிறவர்கள் வரிசையில் நிற்கும் மக்களாகவே இருப்பார்கள்.